தகரக்காரர் வீட்டுக்குக் கெட்டில் வந்த கதை

ஹாசல்கோட்டில் ஒழுகுகிற கெட்டிலையெல்லாம் அடைத்துக் கொடுத்தவர் ஏனோக் ஸ்விண்டல். ஆனால் பத்தொன்பது வருஷமாக அவர் வீட்டு அடுப்பில் கெட்டில் என்று ஒன்று ஏறினதே கிடையாது. காலையிலும் சாயங்காலமும் தேநீருக்கு வெந்நீர் காய்ந்தது, மத்தியானம் வெங்காயமும் ஆட்டெலும்பும் வெந்த அதே சட்டியில்தான். அந்த வீட்டுத் தேநீரை ஒரு தரம் குடித்தவர்கள் மறுதரம் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஏனோக், பழைய தகரக்காரர் ஆம்புரோஸ் ஸ்விண்டலின் மூன்றாவது மகன். மூத்தவன் கால்வாய்ப் படகில் ஏறிப் போனவன் போனவன்தான். நடுவுள்ளவன் பாலாடைக்கட்டிப் பண்ணைக்காரர் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தின்று பெருத்துவிட்டான். அதனால் பட்டறை, ஈயக் கரண்டி, சுத்தியல், அப்பாவின் பேச்சு எல்லாம் ஏனோக்கிடம் வந்து சேர்ந்தன. அப்பாவின் பேச்சு ஒரே பேச்சுதான். யார் எதைக் கொண்டுவந்தாலும், "வியாழக்கிழமை வா." திங்கட்கிழமை வந்தவருக்கும் அதுதான். வியாழக்கிழமை வந்தவருக்கும் அதுதான்.

குரல் மட்டும் அம்மா வழி. அம்மா, காற்றாலை மேட்டு பெட்லி குடும்பம். அந்தக் குடும்பத்தில் ஒருவர் ரகசியம் சொன்னால் கல்லறைத் தோட்டத்து மரத்திலிருந்து காக்கை கிளம்பும். அதோடு சின்ன வயதிலிருந்து தகரம் தட்டிக் காது மந்தமும் சேர்ந்துகொண்டதா, ஏனோக் கோவிலில் முணுமுணுத்து ஜெபம் செய்தால் அவர் என்ன கேட்கிறார் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். பத்தொன்பது வருஷமாக அவர் கேட்டது ஒன்றுதான். கெட்டில்.

அது கல்யாணத்தன்று வந்த வினை. ஏனோக் கட்டினது கெசையாவை. கெசையாவின் அக்கா டோர்கஸை அதற்கு முந்தின வருஷமே கசாப்புக்காரர் ரூபன் ஹல்ம் கட்டியிருந்தார். ஆக ரூபனும் ஏனோக்கும் சகலைகள். எங்கள் பக்கத்தில் ஆவணி பிறக்கிற சமயத்தில் முள்நெல்லிச் சங்கத்துப் போட்டி நடக்கும். முட்செடியில் காய்க்கிற அந்த மெல்லிய தோல் காய் யாருடையது கனமோ அவருக்குச் செம்புக் கெட்டில் பரிசு. ரூபன் அந்த வருஷம் ஜெயித்த கெட்டிலைக் கல்யாண விருந்தில் எல்லார் முன்னாலும் தூக்கிப் பிடித்தார்.

"என் மச்சினி வாழப்போற வீட்டுல ஒரு நல்ல கெட்டிலாவது இருக்கட்டும். சகலை தட்டித் தட்டி ஓட்டை போட்ட பாத்திரமா இல்லாம, ஜெயிச்ச கெட்டிலா இருக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஏனோக் அன்றைக்கு இரண்டு குவளை பீர் அதிகமாகக் குடித்திருந்தார். எழுந்து நின்று, கூரை அதிர, "கொண்டு போ உன் கெட்டிலை! என் அடுப்புல ஏறினா நான் ஜெயிச்ச கெட்டில்தான் ஏறும். அதுவரைக்கும் வேற எந்தக் கெட்டிலும் என் வீட்டு நிலைப்படி தாண்டாது, இது சத்தியம்" என்றார்.

பக்கத்தில் மணப்பெண் கெசையா, "அப்போ நாளைக்குக் காலையில தண்ணி எதுல காய வைக்கிறது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஏனோக் பத்தொன்பது வருஷமாகப் பதில் சொல்லவில்லை.

அவர் ஜெயிக்காததற்கு முயற்சி குறை என்று யாரும் சொல்லமுடியாது. வீட்டுக்குப் பின்னால் ஆறு செடி. ஒவ்வொரு செடியிலும் காயையெல்லாம் கிள்ளியெறிந்துவிட்டு மூன்றே மூன்று விடுவார். அந்த மூன்றுக்கும் கீழே சாசரில் சர்க்கரைத் தண்ணீர் வைத்து, காயின் மூக்கு மட்டும் நனைகிறமாதிரி பிடித்துக் கட்டுவார். காய் அதைக் குடித்துக் குடித்துப் பருக்கும். இதற்கு எங்கள் ஊரில் பாலூட்டுவது என்று பேர். குறைவாகக் குடித்தால் சிறுத்துப்போகும், ஒரு மிடறு அதிகமானால் பட்டென்று வெடித்துவிடும். வெடித்த காயைச் சங்கம் சேர்க்காது. ஏனோக்குக்கு எதிலும் கை கொஞ்சம் தாராளம். வருஷா வருஷம் போட்டிக்கு முந்தின வாரம் அவருடைய காய் வெடிக்கும். மீந்த சின்னக் காயை எடுத்துப்போய் இரண்டாம் பரிசு வாங்கிவருவார். இரண்டாம் பரிசு எப்போதும், அரைத்த கடுகை மேஜையில் வைக்கிற ஒரு கடுகுக் கிண்ணம். வீட்டில் பதினேழு கடுகுக் கிண்ணம் இருந்தது. கடுகு தின்பவர்தான் யாருமில்லை.

ரூபனுக்கோ பன்றி இரத்தம் சும்மா கிடைத்தது. செடிக்கு அதை ஊற்றியே ஒன்பது கெட்டில் ஜெயித்துவிட்டார். டோர்கஸ் ஒன்றில் தண்ணீர் காய்ச்சினாள், ஒன்றில் ஆணி போட்டு வைத்தாள், மூன்றைப் பரணில் ஏற்றினாள். ஒன்று ஆப்பிள் மரத்தில் தொங்கியது, அதில் குருவி கூடு கட்டியிருந்தது. ஒன்றில் வெள்ளைக் கோழி முட்டையிட்டது. மீதி இரண்டையும் ரூபன் முன்வாசலில் எல்லார் கண்ணிலும் படுகிறமாதிரி வைத்திருந்தார். அவற்றில் எது ஒழுகினாலும் ஏனோக்கின் பட்டறைக்குத்தான் வரும். ரூபனே கையில் பிடித்துக்கொண்டு வருவார்.

"சகலை, கோழிக் கெட்டில் ஒழுகுது. முட்டைக்குச் சளி பிடிச்சுக்கப்போகுது, கொஞ்சம் பாரு."

"வியாழக்கிழமை வா."

இப்படியே போயிருக்கும். ஆனால் அந்த வருஷம் ஊருக்குப் புதுப் பாதிரியார் வந்தார். வீடு வீடாகப் போய்ப் பார்த்தவர் ஸ்விண்டல் வீட்டுக்கும் வந்தார். கெசையா நல்ல கோப்பையில் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். கோப்பைக்குள் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, "அம்மா, இந்தச் சூப்பு ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

அவர் போனபிறகு கெசையா கதவைச் சாத்தினாள். பட்டறைக்குள் போய் ஏனோக்கின் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக் கீழே வைத்தாள்.

"இந்தா பாரு மனுஷா. பத்தொன்பது வருஷம் பொறுத்தாச்சு. இந்த வருஷப் போட்டி முடியட்டும். கெட்டில் வந்தா வந்துது. வரலைன்னா மறுநாள் காலையில நான் அக்கா வீட்டுக்குப் போய் அந்தக் கோழிக் கெட்டிலை வாங்கிட்டு வந்து அடுப்புல வைப்பேன்."

"கோழிக் கெட்டிலா! ரூபன் வீட்டுதா! என் சத்தியம் என்ன ஆறது?"

"உன் சத்தியத்தைச் சட்டியில போட்டு வெங்காயத்தோட வேகவை."

அவர்கள் பேசினது வெளியில் போகக்கூடாது என்று ஏனோக் நினைத்தார். ஆனால் பேசினவர்களில் ஒருவர் ஏனோக் ஆயிற்றே. ஒரு மணி நேரத்தில் டோர்கஸ் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"கெசையா, கோழிகிட்டக் கேட்டுட்டேன். அது சம்மதிச்சிருச்சு. வைக்கோலை மட்டும் எடுத்துக்கிறேங்குது."

அதற்குப் பிறகு ஏனோக் செடியை விட்டு நகரவே இல்லை. பட்டறையில் வியாழக்கிழமைகள் வந்து வந்து போயின. எங்கள் தெரு முழுக்க ஒழுகியது.

ஆடி தொடக்கத்தில் அவருடைய முதல் செடியில் ஒரு காய் புறாமுட்டை அளவுக்கு வந்துவிட்டது. இடி இடித்த ஒரு மத்தியானம், காய் பயந்திருக்கும் என்று நினைத்து அதற்கு இன்னும் ஒரு கரண்டி சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினார். காய் அவர் கண்ணெதிரே வெடித்து, கொட்டை அவர் மூக்கில் ஒட்டிக்கொண்டது. ஏனோக் அதைத் துடைக்கக்கூட இல்லை. அப்படியே பட்டறையில் போய் உட்கார்ந்தார்.

அன்றைக்கென்று பார்த்து, 'மூன்று லாடம்' பீர்க்கடைக்கார ஹன்னா போஸ்டக் உள்ளே வந்தாள். போட்டி நடப்பது அவள் கடையில்தான். பரிசுக் கெட்டிலை டவுனிலிருந்து தருவித்து ஏனோக்கிடம் கொடுத்து மினுக்கி வாங்குவது வருஷா வருஷம் வழக்கம்.

"இன்னிக்கே வேணும் ஏனோக். வியாழக்கிழமை கியாழக்கிழமைன்னா நானே சாம்பல் போட்டுத் தேய்ச்சுக்கறேன். ஆமா, மூக்குல என்ன கொட்டை?"

"ஒண்ணுமில்ல, வச்சிட்டுப் போ."

கெட்டிலை மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். நல்ல செம்பு, நல்ல வளைவு. ஆனால் மூக்குக்குழாய் உடம்போடு சேருகிற இடத்தில், ஈயப்பற்று சரியாக ஓடாமல், ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை. அவர் கண்ணுக்குத்தான் அது தெரியும். சாதாரணமாக என்றால் ஒரு சொட்டு ஈயம் வைத்து மூடியிருப்பார். அன்றைக்கு வைக்கவில்லை. இந்தக் கெட்டில் எப்படியும் ரூபன் வீட்டுக்குத்தான் போகப்போகிறது, அவர் பெருமையாகப் பத்தாவது கெட்டிலை அடுப்பில் ஏற்றுவார், அடுப்பு அணைந்துபோகும், அப்போது முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். நினைக்க நினைக்க மனதுக்கு இதமாக இருந்தது. ஓட்டைமேல் கொஞ்சம் மெழுகு தடவி, செம்புத்தூள் தூவி, மேலே நன்றாக மினுக்கிக் கொடுத்தனுப்பிவிட்டார். ஹன்னா அதைக் கொண்டுபோய்க் கடையின் முன்ஜன்னலில் ஊரே பார்க்கத் தொங்கவிட்டாள்.

இது நடந்து எட்டு நாள் கழித்து, ஆறாவது செடியின் கீழ்க்கிளையில், இலைக்கு அடியில், இவர் கிள்ள மறந்துபோன ஒரு காயைக் கெசையா பார்த்தாள். துணி காயப்போட வந்தவள் கூப்பிட்டாள்.

"ஏனோக், இங்க ஒருத்தன் ஒளிஞ்சிக்கிட்டிருக்கான் பாரு."

யாரும் பாலூட்டாமல் அது தானாகவே வெடித்த காய் அளவுக்கு வளர்ந்திருந்தது. ஏனோக் மண்டிபோட்டு அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே சாசருக்கு ஓடினார். கெசையா அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

"தொட்டே, கையை முறிப்பேன். அதுக்கு எவ்வளவு தண்ணி வேணும்னு இனிமே நான் பாத்துக்கறேன்."

ஆக, தண்ணீர் கெசையா பொறுப்பு. வெயில் ஏனோக் பொறுப்பு. வெயிலுக்கு அவர் கெசையாவின் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை எடுத்து, ரிப்பனோடு, ஒரு குச்சியில் மாட்டிச் செடிக்கு வைத்தார். கெசையா தலையில் துண்டு கட்டிக்கொண்டு கோவிலுக்குப் போனாள். தோட்டப் பக்கமாக வந்த புதுப் பாதிரியார் செடியருகே குனிந்திருக்கிற தொப்பியைப் பார்த்துக் கையெடுத்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். பதில் வராததால் சூப்பைப் பற்றி ஏதோ மனவருத்தம் என்று நினைத்துக்கொண்டார்.

காய் பெருக்கப் பெருக்க ஏனோக்குக்கு ஒரு பயமும் பெருத்தது. ஜெயித்துவிட்டால்? அந்த ஓட்டைக் கெட்டில் தன் வீட்டுக்கல்லவா வரும்! தினமும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு 'மூன்று லாடம்' போனார்.

"ஹன்னா, அந்தக் கெட்டில் கொஞ்சம் மங்கினாப்புல இருக்கு. எடுத்துக் குடு, இன்னொரு தரம் மினுக்கித் தர்றேன்."

"மங்கலா? அதுல என் மூக்குமேல இருக்கிற மரு தெரியுதுய்யா. ஒரு வேலையை ரெண்டு தரம் செய்யற ஆளா நீ? என்னமோ இருக்கு. கையை எடு."

சனிக்கிழமை போட்டி. வெள்ளிக்கிழமையே இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் காயைப் பறித்து, பெட்டியில் வைத்து அரக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். காய்களைச் சீர்தூக்குகிறவர் தியோஃபிலஸ் லீச். அவர்தான் எங்கள் கோயில்பிள்ளை. கோவில் மணிக்கூண்டுக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது, குழி வெட்டுவது, ஆமென் சொல்வது, சங்கத்துச் சட்டப்புத்தகத்தை மடியில் வைத்துக் காப்பது எல்லாம் அவர் வேலை. அந்தப் புத்தகத்தை எழுதினவர் அவருடைய தாத்தா. அதனால் அதில் எழுத்துப்பிழை இருக்கிற இடத்தில்கூட லீச் குரலைத் தாழ்த்தித்தான் படிப்பார்.

சனிக்கிழமை மத்தியானம் 'மூன்று லாடம்' கடையில் ஒவ்வொருவர் காயாக நிறுத்தார்கள். கடைசியில் மிஞ்சினது சகலைகள் இருவருடைய காய். ரூபனுடையது சிவப்பு, ஏனோக்குடையது பச்சை. லீச் இரண்டையும் மருந்துக்கடைத் தராசில் ஆளுக்கொரு தட்டில் வைத்தார். தராசு ஆடியது, ஆடியது, நின்றது. முள் நட்டநடுவில்.

இப்படி ஒன்று எங்கள் ஊரில் நடந்ததே இல்லை. லீச் புத்தகத்தைப் புரட்டினார்.

"ஏழாவது விதி. எடை சரிசமமா நின்னா, காய்களைத் தட்டிலேயே விட்டுறணும். கோவில் மணி அடுத்த அஞ்சு அடிக்கிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது, ஊதக்கூடாது, விசிறக்கூடாது. அஞ்சாவது அடி கேக்கறப்போ எந்தத் தட்டு தாழ்ந்திருக்கோ அதுக்குத்தான் பரிசு."

அப்போது மணி நாலேகால். ஊர் முழுக்க நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு முள்நெல்லிக்காய் உலர்வதைப் பார்த்தது. ஆண்கள் பைப்பை அணைத்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள் வெளியே போனார்கள். ஒரு தரம் சிவப்பு மயிரிழை இறங்கினாற்போல இருந்தது, ஒரு தரம் பச்சை. ஒவ்வொரு தரமும் பாதிக் கூட்டம் பெருமூச்சு விட்டது, லீச், "பெருமூச்சும் காத்துதான்! வாயை மூடுங்க!" என்று அதட்டினார்.

ஐந்தடிக்கக் கால்மணி இருக்கும்போது ஜன்னல் வழியாக ஒரு மஞ்சள் குளவி வந்தது. தராசைச் சுற்றியது. ரூபனின் சிவப்புக் காய்மேல் உட்கார்ந்து, காம்போரத்தில் சர்க்கரை நக்க ஆரம்பித்தது. ரூபனின் தட்டு மெல்ல இறங்கியது.

"குளவி! அதைக் கழிக்கணும்! அது காய் இல்லை!" என்று ஏனோக் கத்தினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"ஏன் கழிக்கணும்?" என்றார் ரூபன், தொப்பையைத் தடவிக்கொண்டு. "நான் கூப்பிட்டேனா? அதுவா வந்தது, அதுவா உட்கார்ந்தது. லீச்சு, ஒன்பதாவது விதியைப் படி."

லீச் படித்தார். "காயோட தானா ஒட்டிக்கிட்டிருக்கிறது எதுவோ, அது காயோட எடையில சேரும். மனுஷக் கை பட்டு ஒட்டினது சேராது."

"அது காம்புக்கும் காஞ்ச பூவுக்கும் எழுதினது! குளவி என்ன காம்பா?"

"எதுவோன்னு எழுதியிருக்கு சகலை. எதுவோன்னா குளவியும்தான். உங்க தாத்தா எழுதினதை நாம மாத்தலாமா, லீச்சு?"

தாத்தா பேரைச் சொன்னதும் லீச்சுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "குளவி சேரும்" என்று தீர்ப்புச் சொல்லி அதை மையால் எழுதியும் வைத்துவிட்டார். ரூபன் எழுந்து நின்று ஊருக்கே ஒரு கும்பிடு போட்டார். கெசையா ஜன்னலில் தொங்கிய கெட்டிலை ஒரு தரம் பார்த்தாள், அவ்வளவுதான். டோர்கஸ் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "கோழிக் கெட்டிலை நான் நல்லாக் கழுவித் தர்றேன்டி" என்றாள்.

குளவி வயிறு நிறைந்ததும் தலை தூக்கியது. மீசையைத் துடைத்தது. பொடிநடையாகத் தட்டின் விளிம்புக்கு வந்து, சங்கிலியில் ஏறி, குறுக்குத்தண்டு மேல் நடந்து, அந்தப் பக்கச் சங்கிலியில் இறங்கி, ஏனோக்கின் பச்சைக் காய்மேல் போய்ப் படுத்துக்கொண்டது. பச்சைத் தட்டு தாழ்ந்தது.

அடுத்த நொடி ரூபன், "கழி! அதைக் கழி! அது குளவி!" என்று அலறினார்.

"எழுதியாச்சு" என்றார் லீச்.

"அது வயித்துல இருக்கிறது என் காய்! என் சர்க்கரை! என் எடையை எடுத்துக்கிட்டுப் போய் அங்க வச்சிருக்கு!"

"அப்போ குளவிகிட்டக் கேட்டு வாங்கிக்க அத்தான்" என்றாள் கெசையா. அன்றைக்கு அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் தரம். கூட்டம் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையைக் கடித்தது.

கோவில் மணி அடிக்க ஆரம்பித்தது. ஒன்று. குளவி அசையவில்லை. ஏனோக் குனிந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, "தங்கமே, ராசாத்தி, எங்கேயும் போயிடாதே, ஒரு நிமிஷம் படு" என்றார். தெருக்கோடிக் குதிரை கனைத்தது. இரண்டு. குளவிக்கு விழிப்பு வந்துவிட்டது. ரூபன் தொப்பியைக் கழற்றி விசிறக் கையை ஓங்கினார். பின்னாலிருந்து டோர்கஸ் அந்தத் தொப்பியைப் பிடுங்கி, தன் நாற்காலியில் போட்டு, மேலே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி செய்யறே?"

"பத்தாவது கெட்டிலைத் தேய்க்கிறது நீயா நானா? பேசாம நில்லு."

மூன்று. குளவி இறக்கையை விரித்தது. நான்கு. காலைத் தூக்கியது. ஏனோக் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து.

"நில்!" என்று கத்தினார் லீச். பச்சைத் தட்டு தாழ்ந்திருந்தது. அவர் பேனாவை மையில் தோய்த்த அதே நேரத்தில் குளவி எழும்பிப் பறந்து, நேரே ரூபனின் பீர்க் குவளையில் விழுந்தது. தராசு மறுபடி நேராக வந்து முள் நட்டநடுவில் நின்றது. ஆனால் அதற்குள் புத்தகத்தில் ஏனோக் ஸ்விண்டல் என்று எழுதியாகிவிட்டது.

ஹன்னா கெட்டிலை இறக்கிக் கெசையாவின் கையில் கொடுத்தாள். கெசையா அதைப் பிள்ளையை அணைப்பதுபோல அணைத்துக்கொண்டாள். ஏனோக்குக்கு அப்போதுதான் மெழுகு ஞாபகம் வந்தது.

"கெசையா, குடு, முதல்ல நான் ஒரு தரம் பட்டறையில வச்சுப் பாத்துட்டுத் தர்றேன்."

"வியாழக்கிழமையா?" என்று கேட்டுவிட்டு அவள் நடையைக் கட்டினாள். ஊர் பின்னாலேயே போனது. பத்தொன்பது வருஷத்து முதல் கெட்டில் கொதிப்பதை விட்டுவிட யாருக்கு மனசு வரும்? புதுப் பாதிரியாரும் வந்தார், எதற்கு என்று தெரியாமலே. ரூபனும் வந்தார், நசுங்கின தொப்பியோடு, டோர்கஸ் இழுத்துவந்ததால்.

கெசையா கெட்டிலில் தண்ணீர் நிரப்பினாள். அடுப்புக் கொக்கியில் மாட்டினாள். கூடத்தில் பதினேழு கடுகுக் கிண்ணத்தையும் கழுவி வரிசையாக வைத்தாள், அவ்வளவு பேருக்கு வீட்டில் கோப்பை கிடையாது. எல்லாரும் கெட்டிலையே பார்த்தார்கள். ஏனோக் மட்டும் கதவைப் பார்த்தார்.

முதலில் மெழுகு உருகிய வாசனை வந்தது. பிறகு சொட்டு, சொட்டு, பிறகு ஒழுக்கு. அடுப்பு ஸ்ஸ்ஸென்று ஒரு பெரிய சத்தம் போட்டு அணைந்தது. கூடம் முழுக்கப் புகை.

ரூபன் இருமிக்கொண்டே கிட்டே போய், மூக்குக்குழாயடியில் விரலை வைத்துத் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். "இது புது ஓட்டை இல்லையே. மெழுகு வச்சு மறைச்சிருக்கு. செம்புத்தூள் வேற. நல்ல கைவேலை." அவர் திரும்பி ஏனோக்கைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. "சகலை! எனக்குன்னு வச்ச ஓட்டையா இது?"

ஏனோக்குக்கு வாழ்க்கையில் முதல் தரமாகக் குரல் மெலிந்துபோனது. "ஆமா" என்றார். பக்கத்தில் நின்றவருக்கே கேட்கவில்லை.

ரூபன் முகம் ஒரு நொடி சிவந்தது. அப்புறம் தொப்பை குலுங்கிற்று. சிரித்துச் சிரித்து நாற்காலியில் விழுந்தார், நாற்காலி உடைந்தது. டோர்கஸ் சிரித்தாள், லீச் சிரித்தார். கெசையா மட்டும் சிரிக்கவில்லை. பழைய சட்டியை எடுத்து, அடுப்பை மறுபடி மூட்டி, பதினேழு கடுகுக் கிண்ணத்திலும் வெங்காயத் தேநீர் ஊற்றி எல்லாருக்கும் கொடுத்தாள். ஒருவர் விடாமல் குடித்துத்தான் போகவேண்டியிருந்தது. பாதிரியார் இன்னொரு கிண்ணம் கேட்டார், அவருக்கு அந்தச் சூப்பு பிடித்துத்தான் இருந்தது.

மறுநாள் ஞாயிறு. ஓய்வுநாளில் பட்டறை திறக்கக்கூடாது. திங்கட்கிழமை காலை, வாசலில் ஒழுகுகிற பாத்திரத்தோடு நாலு பேர் நின்றார்கள். நாலாவது கெசையா. தொப்பி போட்டு, ரிப்பன் கட்டி, கையில் கெட்டிலோடு, யாரோ அந்நிய ஊர்க்காரிபோல நின்றாள். முறை வந்ததும் கெட்டிலை மேஜைமேல் வைத்தாள்.

"தகரக்காரரே, புதுக் கெட்டில், ஒழுகுது. எப்ப வரலாம்?"

ஏனோக் மற்றவர்களைப் பார்த்தார். வழக்கத்தை விட முடியவில்லை. வாய் தானாகவே சொல்லிவிட்டது. "வியாழக்கிழமை வா."

கெசையா தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். பன்னிரண்டே அடி தூரம். மத்தியானம் ஏனோக் கை கழுவிக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். மேஜையில் ஒன்றுமில்லை. அடுப்பில் ஒன்றுமில்லை. கெசையா ஜன்னலோரம் உட்கார்ந்து காலுறை தைத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பாடு?"

"வியாழக்கிழமை வா."

தகரம் தட்டுகிற சத்தம் உடனே கேட்டது. தெருவில் இருந்தவர்கள் நின்று கேட்டார்கள். அவ்வளவு வேகமாக ஏனோக் வேலை செய்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. கோவில் மணி ஒன்று அடிப்பதற்குள் கெட்டில் வந்துவிட்டது. மூக்குக்குழாயைச் சுற்றி மோதிரம்போல ஈயம் வைத்திருந்தார். அந்தக் கெட்டில் அவர் காலம் முடிகிறவரை ஒரு சொட்டு ஒழுகினதில்லை.

கெசையா தண்ணீர் காய்ச்சித் தேநீர் போட்டுக் கொடுத்தாள். ஏனோக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்தார். யோசித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"என்ன? நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு" என்றார், கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே. "என்னமோ சப்புன்னு இருக்கு. ஏதோ குறையறாப்புல."

கெசையா அவரை நன்றாக ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து போய்க் கூடையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து, தோலை உரித்து, இரண்டாக வெட்டி, அவர் சாசரில் வைத்தாள்.

"கடிச்சுக்க" என்றாள்.

அவர் கடித்துக்கொண்டார். முகம் தெளிந்தது.